மனுக்கள் குழுவுக்கு ஒரு சுகாதார மனு: எழுதுவது முதல் பதில் வாங்குவது வரை

நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்குக் கீழே, ஆறேழு வரியில் ஒரு செய்தி எப்போதாவது வரும். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரவிருக்கிறது, பொதுமக்கள் மனுக்களை ஐந்து நகல்களுடன் தமிழில் அனுப்பலாம் என்று ஆட்சியர் அலுவலகம் வெளியிடும் அறிவிப்பு அது. பெரும்பாலோர் கண்ணில் அது படுவதில்லை. பட்டவர்களும், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனுவைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஆட்சியரிடம் கொடுக்கும் மனு படிப்படியாகக் கீழே இறங்கும். கடைசியில் யாரைப் பற்றி முறையிட்டோமோ அவருடைய மேசையிலேயே போய் உட்காரும். "உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்று அவரே பதில் எழுதுவார். மனுக்கள் குழுவின் முன் துறை அதிகாரி நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். மனு கொடுத்தவரும் அந்த அறையில் இருப்பார். ஆகவே இங்கே போகிற மனுவை வேறு விதமாக எழுத வேண்டும். அதிகாரி நழுவ முடியாத ஒரே ஒரு கேள்வியாக அது இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காக இரண்டு முறை எழுதினேன். முதல் மனு நான்கு பக்கம். இரவில் மருத்துவர் இல்லை, சாக்கடை வாசலில் தேங்குகிறது, நாய்க்கடிக்கு ஊசி இல்லை, கட்டிய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது என்று ஊரின் எல்லாத் துயரத்தையும் அதில் கொட்டியிருந்தேன். எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானது, பலன் அவ்வளவுதான். ஒரு தகவலும் வரவில்லை. இரண்டாவது மனு ஒரே பக்கம், பூட்டிக் கிடந்த புதிய பிரசவப் பிரிவுக் கட்டடத்தைப் பற்றி மட்டும். அதற்கு அழைப்பு வந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது மனுவின் கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: இது மனுக்கள் குழுவுக்கு உரியதா என்று பாருங்கள்

அறிவிப்பிலேயே எதை அனுப்பக்கூடாது என்று பட்டியல் போட்டிருப்பார்கள். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் வழக்காக இருக்கும் பொருள், வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, அரசின் இலவச உதவிகள், வங்கிக் கடன், அரசுப் பணியில் மாற்றம் ஆகியவற்றை ஏற்க மாட்டார்கள். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்கலாம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை இருக்க வேண்டும். அது ஒரே துறையைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும்.

சுகாதார விஷயத்தில் தனிநபர் குறைக்கும் பொதுப் பிரச்சினைக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. உங்கள் தந்தைக்குப் பாம்பு கடித்தது, நிலையத்தில் மருந்து இல்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்றால், நடந்தது உங்கள் வீட்டில். இழப்பீடு கேட்டால் அது தனிநபர் குறை. அந்த நிலையத்தில் பாம்புக்கடி முறிவு மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று கேட்டால் பொதுப் பிரச்சினை. ஒரே சம்பவம்தான், கேட்பது எதை என்பதை வைத்து இடம் மாறிவிடுகிறது. துயரத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கோரிக்கையை ஊர்க் கோரிக்கையாக வையுங்கள். சிகிச்சையில் அலட்சியம் என்பதே புகார் என்றால், அதற்கு மருத்துவக் கவுன்சிலும் நீதிமன்றமும் இருக்கின்றன.

வழக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரில் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டுவிட்டால், அதே பொருளில் மனுக்கள் குழுவின் கதவு மூடிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. எதை முதலில் முயல்வது என்று ஊரில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். குழுவை முதலில் நாடுவதே நல்லது என்பது என் கருத்து. செலவு தபால் கட்டணம் மட்டும். அங்கே வாங்கும் பதில் பிறகு வழக்குக்கும் உதவும்.

இரண்டாம் படி: சென்னையா, டெல்லியா?

எந்தப் பொருளில் மத்தியும் எதில் மாநிலமும் சட்டம் இயற்றலாம் என்று பிரித்துச் சொல்லும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பொது சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனைகள், மருந்தகங்கள் எல்லாம் மாநிலப் பட்டியலில் 6ஆவது இனம். ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, கொசு, சாக்கடை ஆகியவற்றுக்குச் சட்டமன்றம்தான் இடம். மருந்துகளின் தரம், உணவுக் கலப்படம், மருத்துவத் தொழில், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவுவதைத் தடுப்பது ஆகியவை மத்தியும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளன. இவற்றில் மத்தியச் சட்டத்தையே மாற்றக் கேட்பதானால் நாடாளுமன்றத்துக்குப் போகலாம். மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய பொருளை மக்களவையின் மனுக்கள் குழு பொதுவாக ஏற்காது என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. நாடாளுமன்றம் என்றால் கனம் அதிகம் என்று நினைத்து ஊர்க் கட்டடத்துக்கு டெல்லிக்கு எழுதி, ஓராண்டை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாடாளுமன்ற வழியைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம். இப்போதைக்குச் சென்னை.

மூன்றாம் படி: சரியான துறையைக் கண்டுபிடியுங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். "அரசு ஆஸ்பத்திரி" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது நிர்வாகத்தில் மூன்று கிளை. ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவற்றுக்குக் கீழே உள்ள துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்து இயக்ககத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அவற்றுக்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர். முன்பு துணை இயக்குநர் என்ற பதவிப் பெயரில் இருந்தார். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்துக்கு உரியவை. அங்கே இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி இயக்ககம். பதில் சொல்ல வேண்டியவர் கல்லூரி முதல்வர். மூன்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை என்ற ஒரே குடையின் கீழ் இருந்தாலும், தவறான இயக்ககத்தின் பெயரைப் போட்டால் "இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல" என்ற ஒரு வரிப் பதிலுக்கு நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும்.

சுகாதாரத் துறைக்குள் வராத சுகாதாரப் பிரச்சினைகள் இன்னும் சிக்கல். ஊருக்குள் வயிற்றுப்போக்கு பரவுகிறது. காரணம் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது. கிராம ஊராட்சி என்றால் ஊரக வளர்ச்சித் துறை; நகராட்சி என்றால் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை. தோல் தொழிற்சாலைக் கழிவோ சாயக் கழிவோ என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அது சுற்றுச்சூழல் துறையின் கீழ். நோயைப் பார்த்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மனு எழுதினால், "மருத்துவ முகாம் நடத்தி மாத்திரை வழங்கப்பட்டது" என்று பதில் வரும். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். குழாய் மட்டும் அப்படியே இருக்கும்.

நோயின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, யார் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கையெழுத்து எந்தத் துறையில் இருக்கிறதோ அதுவே உங்கள் துறை. எங்கள் கட்டடத்தைக் கட்டியது ஒரு துறை, மின்இணைப்புத் தர வேண்டியது மின்வாரியம், திறக்க வேண்டியது சுகாதாரத் துறை. மூன்றையும் விசாரித்த பிறகு தெரிந்தது: மின்இணைப்புக்கான வைப்புத் தொகையைக் கட்ட வேண்டியது சுகாதாரத் துறை. சாவியும் அவர்களிடமே. மனு அங்கே போனது.

நான்காம் படி: ஆவணம் சேருங்கள்

குழு வருகிறது என்ற அறிவிப்புக்கும் மனு அனுப்பும் கடைசித் தேதிக்கும் நடுவில் நாள்கள் குறைவு. ஆகவே அறிவிப்பைப் பார்த்த பிறகு ஆவணம் தேடக் கூடாது. இப்போதே தொடங்குங்கள்.

முதல் கருவி 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. இங்கே "ஏன்" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குத் தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பலாம். ஆணையின் நகல், தேதி, தொகை, பதிவேட்டின் பக்கம் என்று கேளுங்கள். "கட்டடம் ஒப்படைக்கப்பட்ட தேதி என்ன? ஒப்படைப்புச் சான்றின் நகல் தேவை. மின்இணைப்புக் கோரி எழுதிய கடிதங்களின் நகல் தேவை." இப்படி.

மருந்துத் தட்டுப்பாடு பற்றிய மனு என்றால் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. மாவட்டக் கிடங்குகளில் மருந்து இருக்கும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் போல ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் அவர்கள் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துப் பதிந்துகொள்வார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு இது. நிலையத்தில் ஒரு மருந்து இல்லை என்றால் இரண்டு சாத்தியம் உண்டு: கிடங்கிலேயே இல்லை, அல்லது கிடங்கில் இருந்தும் நிலையம் எடுக்கவில்லை. பாஸ்புக் பதிவின் நகலும் இருப்புப் பதிவேட்டின் நகலும் கையில் இருந்தால் எது என்று தெரிந்துவிடும். "மருந்து இல்லை" என்ற புலம்பலைவிட, "குறிப்பிட்ட மாதத்தில் கிடங்கில் இருப்பு இருந்தும் நிலையம் எடுக்கவில்லை" என்ற ஒரு வரி பத்து மடங்கு கனமானது.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதியில் உங்கள் பொருளைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கையெழுத்து வேட்டை நடத்தி ஐந்நூறு பெயர் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பில் பாதியைக் கிராம சபையில் போடலாம். தீர்மானம் எண்ணோடும் தேதியோடும் இருக்கும்; அதிகாரிகளுக்குப் புரிகிற மொழி அது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அங்கேயே படித்துப் பாருங்கள். "சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள்.

மக்கள்தொகைக் கணக்கும் உதவும். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது நாடு முழுவதற்குமான அளவுகோல். புதிய நிலையம் கேட்கும் மனுவில் இந்தக் கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் ஆசை.

முன்பு கொடுத்த மனுக்களின் ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தது, 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் பதிந்தது, எதையும் விட வேண்டாம். பிரச்சினை பல ஆண்டுகளாகத் தீராதது என்பதற்கு அவைதான் சாட்சி.

ஐந்தாம் படி: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பக்கத்தின் மேலே முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009. அதற்குக் கீழே துறையின் பெயர். பிறகு பொருள். பொருள் வரியை ஒரே வாக்கியமாக எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு மனு.

எங்கள் மனுவின் உடல் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"பொருள்: எங்கள் ஊராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தின் புதிய பிரசவப் பிரிவுக் கட்டடத்தைத் திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டுதல்.

மேற்படி கட்டடம் கட்டி முடிக்கப்பட்டு இன்ன தேதியில் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. மின்இணைப்புக்கான வைப்புத் தொகை இன்றுவரை செலுத்தப்படவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்ன தேதியிட்ட இன்ன எண் கடிதத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது. இதனால் பிரசவங்கள் பழைய கட்டடத்தின் ஒரே அறையில் நடைபெறுகின்றன. இன்ன தேதியில் நடந்த கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. வைப்புத் தொகையைச் செலுத்தி மின்இணைப்புப் பெற்று, கட்டடத்தை எந்தத் தேதிக்குள் திறப்பார்கள் என்பதைத் துறையிடமிருந்து பெற்றுத் தெரிவிக்குமாறும், அதற்கு உரிய பரிந்துரை செய்யுமாறும் வேண்டுகிறோம்."

இதில் ஒரு உணர்ச்சிச் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "அவல நிலை", "மெத்தனப் போக்கு", "கண்டுகொள்ளாத அதிகாரிகள்" போன்றவை நாளிதழ்த் தலைப்புக்கு ஆகும். மனுவில் அவை இருந்தால் அதிகாரிக்கு ஒரு தப்பிக்கும் வழி கிடைக்கும். குற்றச்சாட்டை மறுப்பதிலேயே பதிலை முடித்துவிடுவார். தேதியை மறுக்க முடியாது. கடைசி வாக்கியத்தில் "எந்தத் தேதிக்குள்" என்று இருப்பதுதான் மனுவின் உயிர். "விரைவில்" என்று எழுதினால் "விரைவில்" என்றே பதில் வரும்.

எந்த அலுவலரின் பெயரையும் எழுத வேண்டாம். அவர் மாற்றலாகிப் போயிருப்பார். வந்தவர் "அது என் காலத்தில் நடக்கவில்லை" என்பார். பதவியை எழுதுங்கள்.

ஆறாம் படி: அனுப்புவது

ஐந்து நகல்களிலும் தேதியுடன் கையொப்பம் இருக்க வேண்டும். ஒன்றில் கையெழுத்துப் போட்டு நான்கை ஜெராக்ஸ் எடுப்பதைவிட ஐந்திலும் பேனாவால் போடுவது நல்லது. அறிவிப்பில் எந்த முகவரி, எந்தக் கடைசித் தேதி என்று சொல்லியிருக்கிறார்களோ அதன்படியே அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆவணங்களின் முழுத் தொகுப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொரு நகலை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கொடுங்கள். அவர் மனுக்கள் குழுவில் இல்லாவிட்டாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி. ஏன் என்பது அடுத்த படியில்.

ஏழாம் படி: உள்ளே என்ன நடக்கிறது, உறுப்பினர் என்ன செய்கிறார்

சட்டமன்ற உறுப்பினர் என்றால் பேரவையில் பேசுபவர், தொகுதியில் திறப்பு விழா நடத்துபவர் என்றுதான் நமக்குப் பழக்கம். அவருடைய குழுப் பணி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொலைக்காட்சியில் வராது, கைதட்டலும் இல்லை. ஆனால் ஒரு சுகாதார நிலையத்தின் கதி பல நேரம் அங்கேதான் தீர்மானமாகிறது.

வந்த மனுக்களைப் பேரவைச் செயலகம் பிரிக்கும். விதிக்கு உட்பட்டவை துறைக்குப் போகும். துறை எழுத்தில் விளக்கம் தரும். அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டுதான் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். குழு மாவட்டத்துக்கு வரும்போது மருத்துவமனை, விடுதி, குடிநீர்த் தொட்டி என்று நேரில் போய்ப் பார்ப்பதும் உண்டு. நல்ல உறுப்பினர் ஒருவர் கேட்பது மூன்றே கேள்வி: ஆணை எப்போது வந்தது, பணம் எங்கே நிற்கிறது, யார் பொறுப்பு. ஆயத்தமில்லாத உறுப்பினர் பொதுவாகக் கடிந்துகொண்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவார். அவருக்கு அந்த மூன்று கேள்வியையும் எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் ஒரு பக்க மனுவின் வேலை. ஒரே நாளில் எத்தனையோ மனுக்களைப் பார்க்கிறவருக்கு நான்கு பக்கம் படிக்க நேரம் இருக்காது.

குழுவின் முடிவு பரிந்துரைதான், ஆணை அல்ல. இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஆனால் பரிந்துரை பேரவையின் பதிவேட்டில் ஏறுகிறது, துறை அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொகுதி உறுப்பினருக்கு நகல் கொடுக்கச் சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. அவர் அதைக் கேள்வியாகப் பேரவையில் எழுப்பலாம். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அமைச்சர் எழுந்து "இந்த நிதியாண்டில் திறக்கப்படும்" என்று சொல்லிவிட்டால் அந்த வாக்கு வேறொரு குழுவின் கைக்குப் போகும். அதன் பெயர் அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குகள் நிறைவேறினவா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. நாடாளுமன்றத்தில் எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கணக்கில் கொள்ளப்படும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துப் பார்க்கிறேன்" என்ற பொருளில் சொல்வதுகூட அதில் சேரும். அமைச்சர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் சொல்லை ஒரு குழு ஆண்டுக்கணக்கில் துரத்துகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

பொதுக் கணக்குக் குழுவையும் மறக்க வேண்டாம். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளை ஆராய்வது அந்தக் குழு. நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பது மரபு. மருத்துவமனைகளில் வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் கருவிகள், காலியிடங்கள், காலாவதி மருந்துகள் பற்றித் தணிக்கை அறிக்கைகளில் மாவட்டப் பெயரோடு வரும். உங்கள் மருத்துவமனையின் பெயர் அதில் இருந்தால், பத்தி எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். அரசின் தணிக்கையே சொன்னதைத் துறை மறுப்பது கடினம்.

எட்டாம் படி: விசாரணை நாள்

அழைப்பு தனியாக வரும். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் நடந்தது எங்களுடையது. ஊரே திரண்டு போக வேண்டாம். பேசத் தெரிந்த இருவர் போதும். நாங்கள் கிராம சுகாதாரக் குழுவிலிருந்த ஓர் அம்மாவை அழைத்துப் போனோம். பிரசவ அறையின் நிலையை அவரைப் போல எங்களால் சொல்ல முடியாது.

பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். மனுவில் இருப்பதைத் திரும்பப் படிக்காதீர்கள். அதிகாரியின் விளக்கம் முடியும்வரை காத்திருந்து, அதில் எது விடுபட்டது என்று மட்டும் சொல்லுங்கள். அன்று அதிகாரி, வைப்புத் தொகைக்குக் கருத்துரு (நிதி கேட்கும் முன்மொழிவு) அனுப்பப்பட்டுள்ளது என்றார். "எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கோப்பைப் புரட்டினார்கள். குழு வருகிறது என்ற அறிவிப்பு வெளியான வாரத்தில்தான் அது அனுப்பப்பட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கோபம் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். எதிரே நிற்கும் அலுவலரோடு நாளைக்கும் நீங்கள் இதே ஊரில் வாழ வேண்டும்.

ஒன்பதாம் படி: பிறகு

விசாரணை முடிந்த வாரத்திலேயே, அங்கே சொல்லப்பட்ட வாக்கைத் தேதியோடு எழுதிக் குழுத் தலைவருக்கும் துறைக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். "இன்ன நாள் விசாரணையில் இன்ன மாதத்துக்குள் முடிப்பதாகத் தெரிவிக்கப்பட்டது" என்று இரண்டு வரி போதும். அந்த மாதம் கடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நடவடிக்கை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். குழுக்கள் அவ்வப்போது மாற்றி அமைக்கப்படும். பேரவை கலைந்தால் குழுவும் கலையும். தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு மனு அனுப்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெல்லிக்குப் போக வேண்டியிருந்தால்

மத்தியச் சட்டம் சம்பந்தப்பட்ட பொருள் என்றால் இரண்டு அவைகளிலும் மனுக்கள் குழு உண்டு. மக்களவைக் குழுவில் 15 பேர், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. மக்களவைக் குழு நாட்டின் பழைய குழுக்களில் ஒன்று. 1924இலேயே அன்றைய மத்திய சட்டசபையில் அமைக்கப்பட்டது. மனுவை உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கலாம். அவையின் பொதுச் செயலருக்கு (செக்ரட்டரி ஜெனரல்) நேரடியாகவும் அனுப்பலாம். தமிழில் எழுதினால் கையொப்பமிட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு வேண்டும். கடிதங்கள், பிரமாணப் பத்திரங்கள் எதையும் இணைக்கக் கூடாது. மரியாதையான மொழியில் எழுதி, என்ன வேண்டும் என்ற திட்டவட்டமான வேண்டுகோளோடு முடிக்க வேண்டும். நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ உள்ள பொருளும், சட்டத்தில் வேறு பரிகாரம் உள்ள பொருளும் ஏற்கப்படாது.

இந்த வழியில் என்ன சாதிக்க முடியும் என்பதற்குத் தொழுநோய் மனுவைச் சொல்வேன். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களைச் சமூகத்தோடு இணைக்க வேண்டும் என்ற மனுவை ஆராய்ந்த மாநிலங்களவை மனுக்கள் குழு, வெங்கையா நாயுடு தலைமையில், 2008 அக்டோபரில் தன் 131ஆவது அறிக்கையை அளித்தது. பாகுபாடு காட்டும் சட்டங்களைத் திருத்தச் சொன்னது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், தொழுநோயாளி உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற ஒடிசா நகராட்சிச் சட்டப் பிரிவைச் செல்லும் என்று சொல்லி, மாற்றுவது பற்றிச் சட்டமன்றம் யோசிக்கலாம் என்று விட்டிருந்தது. 2015இல் சட்ட ஆணையத்தின் 256ஆவது அறிக்கை வந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. 2019இல் ஐந்து தனிநபர் சட்டங்களிலிருந்து தொழுநோய் விவாகரத்துக்கோ, மனைவி தனியே வாழ்ந்து ஜீவனாம்சம் பெறுவதற்கோ காரணம் என்ற வரிகள் எடுக்கப்பட்டன. பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்தில் குணமாகிற நோய்க்குச் சட்டத்தின் கறையைத் துடைக்கப் பதினோரு ஆண்டு. மெதுவானதுதான். ஆனால் நீதிமன்றமே கைவிரித்த இடத்தில் மனு நகர்ந்திருக்கிறது.

சுகாதாரத்துக்கென்று நாடாளுமன்ற நிலைக்குழுவும் உண்டு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மசோதா அதனிடம் வரும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டு விளம்பரம் செய்வார்கள். அப்போது எழுத்தில் கருத்துக் குறிப்பு அனுப்பலாம். குஜராத்திலும் ஆந்திரத்திலும் சிறுமிகளிடம் நடத்தப்பட்ட கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வைப் பற்றி 2013இல் இந்தக் குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை நீதிமன்றத்தில் காட்டலாமா என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுவரை போனது. காட்டலாம், ஆனால் அறிக்கையையே எதிர்த்து வழக்காட முடியாது என்று 2018 மே மாதம் தீர்ப்பு வந்தது. குழுவின் முன் நீங்கள் வைக்கும் ஒரு பக்கம் எங்கெங்கோ போகக்கூடும்.

எங்கள் பிரசவப் பிரிவு விசாரணைக்கு ஏழு மாதம் கழித்துத் திறந்தது. விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது. ஆய்வக நுட்புநர் பணியிடம் மட்டும் காலி. ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் பஸ் ஏறித்தான் போக வேண்டும். பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேட்டுப் பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பி இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது.